கடந்தைக் கூடும் தேன்பெட்டியும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் பொருநை நதியின் இரு கரைகளிலும், வீடு என்றால் அதற்கு ஒரு புறவாசல் உண்டு. புறவாசல் என்றால் ஒரு முருங்கை, நான்கு வாழை, ஒரு கறிவேப்பிலை, துவைகல், அடுக்கி வைத்த விறகு, ஓலைச் சாய்ப்பு ஆகியவை உண்டு. இவை உள்ள இடமெல்லாம் கொடுக்குள்ள சிற்றுயிர்களும் குடியேறிவிடும். பாண்டியர் ஆட்சியைப் பற்றியும் பாளையக்காரர் போர்களைப் பற்றியும் மறைபரப்புப் பணியைப் பற்றியும் நெல்லைச் சீமையில் நூல்கள் பல எழுந்துள்ளன. நம் தலைக்குமேல் கூடு கட்டி, நம் காலடியில் புற்றெடுத்து, நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துவரும் இவ்வுயிர்களோடு நம் முன்னோர் எவ்வாறு உறவாடினர், எவ்வாறு பகைத்தனர் என்பதும் வரலாறுதான். அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பெயர்களிலிருந்து தொடங்குவது முறை. ஒரு சமூகம் எதனை அஞ்சியது, எதனைப் போற்றியது, எதனைப் பயன்கொண்டது என்பதை அது இட்டு வழங்கிய பெயர்களே முதலில் காட்டிவிடும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் பகுக்கும்போது எறும்பை மூவறிவு உயிர்களோடும் தும்பியை நான்கறிவு உயிர்களோடும் சேர்த்தார். சங்கப் புலவர்கள் வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு எனப் பல பெயர்களைக் கையாண்டனர். ஏட்டறிவு இல்லாத நம் ஊர்ப்புற மக்களின் வழக்கும் இதற்குக் குறைந்ததன்று. சுவரில் மண்ணால் கூடு செய்வது மண்குளவி. இறவாணத்தில் தாமரைப் பொகுட்டைக் கவிழ்த்தாற்போல் சிறு கூட்டைத் தொங்கவிடுவது குளவி. கருத்த உடலில் மஞ்சள் பட்டை தீட்டியதுபோல் வந்து, பனைமட்டை இடுக்கிலும் மரப்பொந்திலும் பானையளவு கூடு கட்டுவது கடந்தை. தேனீயிலும் மலைத்தேனீ வேறு, அடுக்குத் தேனீ வேறு, கொம்புத் தேனீ வேறு, கொட்டவே தெரியாத கொசுத்தேனீ வேறு.

இவற்றுள் கடந்தை என்னும் சொல் நம் தென்கோடி வழக்கின் செல்வம். மலையாளத்தார் கடன்னல் என்பர்; கன்னடத்தார் கணஜ என்பர்; தஞ்சைப் பக்கத்தார் கதண்டு என்பர். மொழிகள் பிரிவதற்கு முன்பே இவ்வுயிருக்கு நம் மூதாதையர் அஞ்சியிருக்க வேண்டும். இன்றைய நாளிதழ்களைப் பாருங்கள்: விஷ வண்டு கடித்து முதியவர் மரணம் என்று ஒரே வாய்பாட்டில் செய்தி வருகிறது. அது வண்டும் அன்று, கடிப்பதும் அன்று. கொட்டியது கடந்தையா, மலைத்தேனீயா என்பது அச்செய்தியிலிருந்து தெரிவதில்லை. இது சொல்லாராய்ச்சிக்காரரின் குறை மட்டுமன்று. தேனீயானால் கொடுக்கு உடலில் தங்கும், கடந்தையானால் தங்காது. முன்னதை அப்புறப்படுத்தலாம், பின்னதன் கூட்டை அழிக்க வேண்டியிருக்கும். மண்குளவியானால் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பெயர் மறைந்த இடத்தில் இந்த வேறுபாடுகளும் மறைந்துவிடுகின்றன.

மண்குளவியைப் பற்றி நம் பாட்டிமார் கொண்டிருந்த நம்பிக்கை அழகானது. வீட்டினுள் அது கூடு கட்டினால் அவ்வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும் என்பர். எனவே ஒட்டடை அடிக்கும்போதுகூட அந்த மண் உருண்டையைத் தொடாமல் விடுவர். உதிர்ந்த கூட்டின் மண்ணைக் குழைத்து வீக்கத்திற்குப் பற்றுப் போடுவதும் உண்டு. தத்துவ நூலார் இதனை இன்னும் உயரத்திற்குக் கொண்டுசென்றனர். குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடுகிறது என்றும், குருவும் சீடனை அவ்வாறே ஆக்குகிறார் என்றும் உவமை வகுத்தனர்.

பிரான்சு நாட்டில் ழான் ஆன்றி ஃபாபர் என்னும் பள்ளி ஆசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெயிலில் கிடந்து பார்த்து எழுதியவை இந்த உவமையைக் கலைத்துவிட்டன. வேட்டைக் குளவி தன் இரையைக் கொல்வதில்லை. நரம்பு முடிச்சில் கொட்டி அசைவற்றதாக ஆக்கிவிடுகிறது. அதன்மேல் முட்டையிட்டு அறையை மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, கெடாமல் உயிரோடிருக்கும் அந்த இரையைத் தின்று வளர்கிறது. நம் வீட்டுச் சுவரில் உள்ளதற்கு இரை சிலந்தி. உவமையைவிட உண்மை கொடியது. டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலார் ஏசா கிரேக்கு எழுதிய மடலில், புழுவின் உடலுக்குள் வாழ்ந்து அதனைத் தின்னும் ஒருவகைக் குளவியைச் சுட்டித்தான், நன்மையே வடிவான இறைவன் இதனைத் திட்டமிட்டுப் படைத்தார் எனத் தம்மால் ஏற்க இயலவில்லை என்றார். பெருங்கேள்விகள் பெரிய இடங்களிலிருந்துதான் எழ வேண்டும் என்பதில்லை.

இன்னொரு செய்தியும் சுவையானது. நம் வீடுகளில் மண் உருண்டை பிடிக்கும் குளவிகளுள் ஒன்றுக்கு, டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபப்ரீசியஸ் 1781இல் இட்ட அறிவியல் பெயரில் மதராசப்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. சென்னை நகரம் தன் பழைய பெயரை 1996இல் கைவிட்டது, குளவி கைவிடவில்லை. தனித்து வாழும் இவ்வுயிர் கூட்டைக் காக்கப் போரிடுவதில்லை. கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவதும் இல்லை. குழந்தை வரும் என்ற நம்பிக்கை, தீங்கற்ற ஓர் உயிரைத் தீங்கற்றது என்று அறிந்து காத்திருக்கிறது. மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளுவோர் இதனையும் கணக்கில் எடுக்கட்டும்.

இறவாணத்தில் தொங்கும் குளவி இதற்கு ஒருபடி மேலே. மரத்தைச் சுரண்டி, வாயில் மென்று, காகிதமாக்கிக் கூடு கட்டுகிறது. 1719இல் ரேமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் குளவிக் கூட்டைப் பார்த்துத்தான், கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துவந்த மனிதர் மரத்திலிருந்தும் செய்யலாமே என்று தம் நாட்டு அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். நூறாண்டுக்கும் மேலான பிறகே உலகம் அதனைக் கேட்டது. தென்னிந்திய வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நிறக் காகிதக் குளவியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து 2001இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். இக்குளவிகளின் அரசி அதட்டி ஆள்வதில்லை, சாதுவாக இருக்கிறாள். அவள் மறைந்தால் அடுத்தவள் யார் என்பதில் பூசலும் இல்லை. நம் ஊர்க் கட்சிகளும் சங்கங்களும் இறவாணத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

இச்சிறு குளவி கொட்டினால் வலிக்கும், வீங்கும். பெரும்பாலும் ஒருநாளில் தணியும். நம் வீடுகளில் உடனே சுண்ணாம்பைத் தடவுவர். நஞ்சு தோலுக்கு அடியில் செலுத்தப்படுவதால் மேலே தடவிய சுண்ணாம்பு அதனை எட்டுவதில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணி அதைவிட நன்மை தரும். தேனீ கொட்டியிருந்தால் முதலில் செய்ய வேண்டியது கொடுக்கை எடுப்பது. அதனைக் கிள்ளி எடுத்தால் நஞ்சு பிதுங்கி உள்ளே போகும், கத்தியால் சுரண்டியே எடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் மருத்துவ நூல்களே எழுதின. 1996இல் மூன்று அமெரிக்க அறிஞர்கள் தம் கையிலேயே தேனீயைக் கொட்டச் செய்து பார்த்து, எப்படி எடுக்கிறோம் என்பதன்று, எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே பொருட்டு எனக் காட்டினர். கத்தியைத் தேடி அடுக்களைக்கு ஓடும் நேரத்தில் நகத்தால் எடுத்துவிடலாம்.

கடந்தையின் கதை வேறு. அது சிறு குளவிகளின் கூட்டைச் சூறையாடி அவற்றின் புழுக்களைத் தின்பது. தேன்பெட்டியின் வாசலில் நின்று தேனீக்களைக் கவ்விச் செல்வது. தேனீக்கு ஒரு கொடுக்கு, ஒரு முறை; கொட்டியதும் அது இறந்துபோகிறது. கடந்தைக்கு அந்தத் தடை இல்லை. ஒன்றே பல முறை கொட்டும்; கூட்டுக்கு ஆபத்து என்றால் கூட்டமாக வரும். பழைய ஏற்பாட்டில் விடுதலைப் பயணம், இணைச் சட்டம், யோசுவா ஆகிய நூல்கள் பகைவர்மீது ஆண்டவர் குளவிகளை அனுப்புவதைப் பேசுகின்றன. நம் திருச்சபையின் விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 12ஆம் அதிகாரமும் அதனையே நினைவுகூர்கிறது. படைக்கு முன்னோடியாகக் குளவியை நிறுத்திய அம்மக்கள் அதன் வல்லமையை உடலால் அறிந்தவர்கள்.

இந்த வல்லமைக்கு நம் நாட்டில் பலியாவோர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பங்களாவின் மேல்மாடியில் இருப்பவர் பெரும்பாலும் இல்லை. பனையேறி, தென்னையேறி, குளத்துக்கரையில் புதர் வெட்டும் பெண்கள், ஆடு மேய்க்கச் சென்ற சிறுவர், தேயிலை பறிப்போர் ஆகியோரே. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாவது அங்கு அடிக்கடி வரும் செய்தி. நாற்பது அடி உயரத்தில் மட்டையை விலக்கியவுடன் கூடு கலைந்தால், பனையேறிக்குக் கீழே இறங்கவும் நேரமில்லை, குதிக்கவும் வழியில்லை.

சாவு இரு வழிகளில் வருகிறது. ஐம்பது, நூறு என்று கொட்டுகள் பட்டால் நஞ்சின் அளவே தசையையும் குருதி அணுக்களையும் சிதைத்து, சிறுநீரகத்தை அடைத்துவிடும். கொட்டு வாங்கியவர் முதல் நாள் பேசிக்கொண்டிருப்பார். இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீர் கறுத்துக் குறையும். ஆதலால் பல கொட்டு பட்டவரை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மற்றொரு வழி ஒரே கொட்டில் வருவது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ரிஷே, போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடலுயிர் நஞ்சை ஆராயத் தொடங்கினர். ஒருமுறை சிறிதளவு நஞ்சு பெற்றுத் தேறிய நாய், சில வாரங்கள் கழித்து அதே சிறிதளவைப் பெற்றவுடன் நிமிடங்களில் மாண்டது. உடல் தன்னைக் காக்கக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்த்த இடத்தில், தன்னையே அழிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. 1902இல் அவர்கள் வெளியிட்ட இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். முன்பு கொட்டு வாங்கி ஒன்றும் ஆகாத ஒருவர் இம்முறை மூச்சுத் திணறி, உடலெங்கும் தடித்து, மயங்கி விழுவதன் காரணம் இதுவே. அவருக்கு உயிர் தருவது அட்ரினலின் ஊசி. அது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் எளிய மருந்து. மந்திரித்துக் கயிறு கட்டும் நேரத்தில் அதனை இழந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் கடந்தைக் கூட்டை இரவில் ஓலைப்பந்தத்தால் கொளுத்தினர். அதில் ஓர் அறிவு இருந்தது: இருட்டிய பின்பே எல்லாம் கூடடையும். பந்தம் பிடித்தவரைக் கடந்தை கொட்டியதும், கூட்டோடு கூரையும் எரிந்ததும் அந்த அறிவின் விலை. பிறகு பொடி வந்தது. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் தன்மையைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டு, 1948இல் நோபல் பரிசு பெற்றார். 1952இல் கல்கத்தா அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. ஆலை தொடங்கியது. நெல்லுக்கும் வாழைக்கும் என்று வந்த பொடி, எறும்புப் புற்றுக்கும் குளவிக் கூட்டுக்கும் அரிசிப் பானையின் அடிக்கும் போய்ச் சேர்ந்தது. கமேக்சின் என்ற பெயரைக் கேட்டால் அந்த நெடி இன்றும் நம்முள் பலருக்கு மூக்கில் ஏறும். பெயர்கள் பல இருந்த இடத்தில் மருந்து ஒன்றே போதும் என்றானது. மண்குளவிக்கும் அதே பொடி, கொசுத்தேனீக்கும் அதே பொடி. பி.எச்.சி.யை இந்திய அரசு 1997இல் தடை செய்தது. மண்ணிலும் பாலிலும் தங்கியது உடனே போய்விடவில்லை.

பொடியின் தோல்வியை அமெரிக்கர் நமக்கு முன்பே பார்த்தனர். தென்னமெரிக்காவிலிருந்து 1930களில் அலபாமா மாநிலத்து மொபீல் துறைமுகம் வழியாக நுழைந்த தீ எறும்பை ஒழிப்போம் என்று அந்நாட்டு அரசு 1957இல் போர் தொடுத்தது. விமானத்திலிருந்து நஞ்சு தூவினர். பறவைகள் மாண்டன, கன்றுகாலிகள் மாண்டன. உள்ளூர் எறும்புகள் மடிந்து காலியான நிலத்தில் தீ எறும்பே மீண்டும் பரவியது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதுவும் பேசப்படுகிறது.

நம் தோட்டத்துச் செவ்வெறும்புகளுள் சுரீரென்று கொட்டும் ஒன்று இந்த எறும்பின் உறவினம். அதுவும் அயலகத்ததே. மெக்சிகோவின் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டில் ஓடிய இசுப்பானியக் கப்பல்களின் அடிச்சுமை மண்ணில் ஒளிந்து அது ஆசியாவுக்கு வந்ததென்று, அதன் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் ஆய்வாளர் நிறுவினர். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் கடல் கடந்து நம் அடுக்களைக்கு வந்த அதே நூற்றாண்டு! மிளகாயை நாட்டுப்பொருள் என்றும் எறும்பை நம் ஊர் எறும்பு என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு மட்டும் பழங்குடி. அதற்குக் கொடுக்கே இல்லை. கடித்த இடத்தில் அமிலம் பாய்ச்சும். சீனத்தின் காண்டன் பகுதித் தோட்டக்காரர் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதன் கூடுகளைச் சந்தையில் வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டிப் பூச்சிகளைத் தடுத்தனர்.

பொடி வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கொடுக்குள்ள உயிரோடு வாழ வேறொரு வழி நம் மாநிலத்தில் திறந்திருந்தது. அதனைத் திறந்தவர் ஒரு துறவி என்பதை நம்முள் பலர் அறியோம்.

மலைத்தேனீயின் தேனை எடுப்பது நம் மண்ணின் பழந்தொழில். மால்பு என்னும் மூங்கில் ஏணியில் ஏறி மலைச்சரிவில் தேன் எடுத்ததைச் சங்க நூல்கள் பேசுகின்றன; பாபநாசத்திற்கு மேலுள்ள காணிக்காரர் இன்றும் காட்டுத்தேன் எடுப்பவர்கள். புகை போட்டு, தேனீக்களை விரட்டி, அடையை அறுத்துப் பிழிவதே முறை. புகையில் கருத்து இருக்கிறது. ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை போன்ற ஒரு மணம் எழும். அது மற்றத் தேனீக்களுக்குப் போர் முரசு. புகை அந்த மணத்தை மறைக்கிறது. கூடு எரியப்போகிறதென்று அஞ்சித் தேனீக்கள் வயிறு நிறையத் தேனை உண்டு மந்தமாகின்றன. ஆனால் பிழியும்போது தேனோடு புழுவும் சேரும், கூடும் அழியும். பொந்திலும் பானையிலும் வாழும் அடுக்குத் தேனீக்கும் இதே கதி.

மேனாட்டில் இந்நிலை 1852இல் மாறியது. பிலடெல்பியாவில் வாழ்ந்த போதகர் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதனை வழியாக வைத்துக்கொள்ளும், அடைக்கமாட்டா என்று கண்டு, சட்டங்களை உருவி எடுக்கக்கூடிய பெட்டியைச் செய்து காப்புரிமை பெற்றார். கூட்டை அழிக்காமல் தேன் எடுக்கலாம் என்றாயிற்று. தேனீக்கும் குருமார்க்கும் என்ன தொடர்போ தெரியவில்லை! ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது என்று கண்டவர் சைலீசியாவின் கத்தோலிக்கக் குரு ஜீர்சோன். பட்டாணிச் செடியில் மரபியலைக் கண்ட மடாதிபதி மெண்டலும் தேனீ வளர்த்தவர். 1904இல் உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம், பாஸ்காத் திரியும் திருப்பலிக்குரிய மெழுகுதிரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகால் ஆனவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. பாஸ்கா இரவின் புகழுரை இன்றும் தேனீக்களை நினைவுகூர்கிறது.

இந்தியாவில் 1880களில் வங்காளத்தில் வெள்ளையர் சிலர் ஐரோப்பியத் தேனீயையும் ஐரோப்பியப் பெட்டியையும் கொணர்ந்து முயன்றனர், வேரூன்றவில்லை. நம் அடுக்குத் தேனீ உருவில் சிறியது, அடை சிறியது, தொல்லை கண்டால் கூட்டோடு ஓடிவிடும் இயல்பினது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த சேசு சபைக் குரு அருட்தந்தை நியூட்டன், ஐரோப்பியப் பெட்டிக்கு ஏற்பத் தேனீயை மாற்ற எண்ணாமல், நம் தேனீக்கு ஏற்பப் பெட்டியை மாற்றினார். அடி சிறுத்து, சட்டங்கள் குறுகி, இடைவெளி நெருங்கிய ஒரு பெட்டியை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். உள்ளூர்த் தச்சரே செய்துவிடக்கூடிய எளிமை அதற்கு இருந்தது. 1911 முதல் 1917 வரை ஊர்ப்புற மக்கள் பலருக்குப் பயிற்சி தந்தார். தம் அனுபவத்தை 1917இல் இந்திய வேளாண்மை இதழில் எழுதினார். தேனீ வளர்ப்பு நூல்களில் அது இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. கல்லூரி வகுப்பறையில் அவர் நடத்திய பாடங்கள் மறந்துபோயிருக்கலாம், மரப்பெட்டி நிலைத்தது.

திருவிதாங்கூரில் 1917இல் தேனீ வளர்ப்புத் தொடங்கியது. ஆரல்வாய்க் கணவாய்க்கு அப்பால், அன்று திருவிதாங்கூரிலும் 1956 நவம்பர் முதல் தமிழ்நாட்டிலும் உள்ள மார்த்தாண்டத்தில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஊரகச் சீரமைப்பு நிலையத்தை 1924இல் நிறுவிய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை விவசாயியின் புறவாசலுக்கு ஏற்ற தொழிலாக இதனைக் கண்டார். நிலம் வேண்டாம், தீனி வேண்டாம், இரண்டு பெட்டிக்குக் கூரைநிழல் போதும். கத்தோலிக்கக் குரு உருவாக்கி வளர்த்த ஒரு தொழிலைச் சீர்திருத்தத் திருச்சபையார் நிலையம் மேலும் வளர்த்தது; ஒன்றிப்பு என்ற சொல் மேடைகளுக்கு வருமுன்பே இது நடந்தது. கொட்டும் உயிரைக் கண்டால் பந்தம் தேடிய கை, அதனைப் பெட்டியில் வைத்துக் கிணற்றடியில் நிறுத்தப் பழகிற்று.

இத்தொழிலின் வரலாறு முழுவதும் இனிப்பானதன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னகத்தைத் தாக்கியது. அடையறைக்குள்ளேயே புழுக்கள் நீர்ப்பை போல் வீங்கிச் செத்தன. பெட்டித் தேனீக்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை அழிந்ததாகக் கணக்கிட்டனர். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு வெற்றுப் பெட்டிகள் நின்றன. இங்கிலாந்தில் முதல் உலகப்போர்க் காலத்தில் இதுபோன்றதொரு கொள்ளைநோயில் பக்ஃபாஸ்ட் மடத்தின் 46 கூடுகளில் 16 மட்டுமே எஞ்சியதையும், எஞ்சியவற்றிலிருந்து சகோதரர் ஆடம் நோய் தாங்கும் இனத்தை வளர்த்தெடுத்ததையும் இங்கே நினைக்கலாம். நம்மிடம் அத்தகைய ஆய்வுத் துறவி இல்லை. நோயைத் தாங்கிய சில கூட்டங்கள் காட்டிலும் பொந்திலும் பிழைத்திருந்தன. மக்கள் அவற்றைப் பிடித்து மீண்டும் பெட்டியில் ஏற்றினர். எந்தப் பொடியும் அன்று உதவவில்லை. புதர் மண்டிய ஓரங்களை விட்டுவைத்திருந்த புறவாசல்களே வித்துக் கொடுத்தன.

கடந்தையையும் இத்தேனீ தானே எதிர்கொள்ளும். நம் அடுக்குத் தேனீயின் இனத்தையே சேர்ந்த சப்பானியத் தேனீயை ஆராய்ந்தோர் வியத்தகு செய்தியைக் கண்டனர். வாசலில் வந்த கடந்தையை நூற்றுக்கணக்கான தேனீக்கள் பந்துபோல் மொய்த்துச் சிறகுத் தசையை அதிரச் செய்து, பந்தின் நடுவே வெப்பத்தை 46, 47 பாகைக்கு ஏற்றுகின்றன. கடந்தை அவ்வெப்பத்தில் சாகிறது. தேனீக்கு இன்னும் ஓரிரு பாகை தாங்கும். அந்த ஓரிரு பாகையில் ஒரு குடி பிழைக்கிறது.

ஆனால் குழந்தைகள் விளையாடும் முற்றத்தின்மேல் கடந்தைக் கூடு தொங்கினால் என்ன செய்வது என்று வாசகர் கேட்பர். எல்லா உயிரும் நம் உடன்பிறப்பே என்று சொல்லி நகர்ந்துவிட நாம் துணியோம். அக்கூடு அகற்றப்பட வேண்டியதே. அதனை மண்ணெண்ணெயும் கழியுமாகத் தாமே செய்ய முற்படுவதுதான் தவறு. தீயணைப்பு மீட்புப் பணித்துறையினர் 101 என்ற எண்ணில் அழைத்தால் உரிய உடையோடு வந்து, இருட்டிய பின் அழித்துவிடுவர். கூடு எலுமிச்சை அளவில் இருக்கும்போது அதனுள் ஒரு தாயும் சில புழுக்களும் மட்டுமே. சில மாதங்களில் அதுவே பானையாகும். மாதம் ஒருமுறை இறவாணத்தையும் விறகடுக்கையும் மரக்கொம்பையும் அண்ணாந்து பார்க்கும் வீட்டாருக்குப் பானையைப் பார்க்கும் நிலை பெரும்பாலும் வராது. ஆலயக் கோபுரத்தில் மலைத்தேனீ வந்து தங்கினால் அதற்கும் தீ வேண்டியதில்லை. பூக்காலம் முடிந்ததும் அவை தாமே இடம்பெயரும். அதுவரை அதனடியில் வெடி வெடிக்காமல் திருவிழாவைக் கொண்டாடலாம்.

குமரி மாவட்டத்துப் பெட்டிகள் இன்று மீண்டும் நிரம்பியிருக்கின்றன. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசி மாதங்களில், பூவிலிருந்தன்றி இளந்துளிரின் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்தே தேன் வடிகிறது. அப்போது பெட்டிகள் அத்தோட்டங்களுக்குப் போகும். பருவம் முடிந்ததும் வேறு பூ உள்ள இடம் தேடி வண்டியேறும். மரத்தின் தரமும் பூச்சும் மாறியிருந்தாலும் அளவு ஏறத்தாழ அதே பழைய அளவுதான். தாங்குகாலின் அடியில் நீர் ஊற்றிய கிண்ணம் வைத்திருப்பார்கள். தேன் தேடி ஏறிவரும் எறும்புகள் அந்த நீர்விளிம்புவரை வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.